வேரடி வரலாறு – 17: பொட்டலத்தில் வந்த உயிர்

சென்ற இதழில் உர மூட்டை நம் வயக்காட்டுக்கு வந்த கதையைப் பார்த்தோம். 1906-இல் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனத்தின் சூப்பர் பாஸ்பேட், 1975-இல் தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலையின் யூரியா. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் குப்பையும் தழையும் மட்டுமே கண்டிருந்த நஞ்சைகள் மூட்டைக்குப் பழகிப்போயின. மூட்டையில் இருந்த சத்தெல்லாம் பயிருக்குத்தான் போனதா என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்தே தொடர்வோம்.

அச்சன்புதூரை எடுத்துக்கொள்வோம். மேற்கே மலை. மேக்கரையில் அனுமன் நதியை மறித்து அடவிநயினார் அணை. அதன் தண்ணீரை நம்பி வடகரை, பண்பொழி, அச்சன்புதூர் என்று விரியும் நஞ்சை. ஆனி ஆடிச் சாரலுக்குக் கார், ஐப்பசி மழைக்குப் பிசானம். தொளி கலக்கி, நாற்று நட்டு, பச்சை பிடித்ததும் யூரியா வீசுவது இங்கே இரண்டு தலைமுறையாக நடந்துவருகிறது. இன்றைய யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது ஏறத்தாழ 20 கிலோ 700 கிராம். தண்ணீர் கட்டிய வயலில் நெல் அதில் எடுத்துக்கொள்வது பொதுவாக மூன்றில் ஒரு பங்குதான். ஏழு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிக்கு என்ன ஆகிறது? ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போகிறது. ஒரு பங்கு தண்ணீரில் கரைந்து மடை தாண்டி அடுத்த வயலுக்கும் ஓடைக்கும் போகிறது. இன்னொரு பங்கை மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே எடுத்துக்கொள்கின்றன. வயலின் மேல்படலத்தில் காற்றுப் படும் இடத்தில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதைச் செய்யும் பாக்டீரியாவை 1890-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்யாவின் செர்கேய் வினோகிராட்ஸ்கி. அந்த நைட்ரேட் காற்றில்லாத அடிச்சேற்றுக்கு இறங்கியதும் வேறொரு கூட்டம் அதை உடைத்து, வெறும் நைட்ரஜன் வாயுவாக மேலே அனுப்பிவிடுகிறது. மணிச்சத்தின் கதி இன்னும் மோசம். போட்ட பருவத்தில் பயிர் எடுப்பது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. மிச்சத்தைச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், கரிசலில் சுண்ணாம்பும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. மண்ணுக்குள்ளே இருப்பு உண்டு, வேருக்கு எட்டாது.

இப்படி இழக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வாழும் அதே மண்ணில்தான் சத்தைச் சேர்த்துக் கொடுக்கும் நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. அவற்றை அடையாளம் கண்டு, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, 200 கிராம் பொட்டலத்தில் அடைத்து, நெல்லைச் சீமையின் நாற்றங்கால் வரை மனிதன் கொண்டுவந்து சேர்த்த வரலாறு ஒரு நூற்றாண்டு நீளமுடையது.

தொடக்கம் ஜெர்மனி. பயறு வகைச் செடிகள் மண்ணை வளப்படுத்தும் என்பது உலகெங்கும் உழவர் அறிந்ததுதான். நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து விதைத்த நம் ஆட்களுக்கும் அது தெரியும். 1889-இல் இந்தியாவின் விவசாயத்தைப் பார்வையிட வந்த இங்கிலாந்து வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில் இங்குள்ள பயிர்ச் சுழற்சியையும் கலப்புப் பயிரையும் மதிப்போடு எழுதினார். ஆனால் இந்த வளத்தின் காரணம் மட்டும் நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் அதை 1886-இல் பெர்லினில் நடந்த அறிவியல் கூட்டத்தில் அறிவித்தார்கள். பயறுச் செடியின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்பதே அந்த அறிவிப்பு. 1888-இல் டச்சுக்காரர் பெய்ஜெரிங்க் அந்த உயிரைத் தனியே வளர்த்துக் காட்டினார். எட்டே ஆண்டுகளில், 1896-இல், நோபேயும் ஹில்ட்னரும் அதை ‘நைட்ரஜின்’ என்று பெயரிட்டுக் காப்புரிமையோடு விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உயிர் உரம் கடைச் சரக்கானது அப்போதுதான்.

இந்தியாவில் 1920-இல் பிகாரின் பூசா ஆய்வு நிலையத்தில் என்.வி. ஜோஷி பயறு வகைகளின் வேர் முடிச்சிலிருந்து அந்த உயிரை, அதாவது ரைசோபியத்தை, பிரித்தெடுத்தார். நம் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியிலோ 1909-இலேயே நிரந்தர உரப் பரிசோதனை வயல் ஒன்று போடப்பட்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே பாத்திக்கு ஒரே உரம், பக்கத்துப் பாத்திக்குத் தொழு உரம், இன்னொன்றுக்கு எதுவுமே இல்லை. இன்றும் தொடரும் அந்த வயல் தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று என்பேன். கோயில் கல்வெட்டைப் பார்க்கப் போகிறவர்கள் ஒருமுறை அந்தப் பாத்திகளையும் பார்க்க வேண்டும்.

நெல்லின் மர்மம் வேறு. உரமே போடாத நஞ்சையிலும் ஆண்டுதோறும் ஏதோ விளைகிறது. பயறு இல்லை, முடிச்சு இல்லை. தழைச்சத்து எங்கிருந்து வருகிறது? 1939-இல் பி.கே. டே விடை சொன்னார். தேங்கிய நீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது என்று காட்டினார். பனாரஸில் ஆர்.என். சிங் அதை விரிவாக்கினார். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி.எஸ். வெங்கட்ராமன் அதை உழவர் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். ஆழமில்லாத தொட்டி, கொஞ்சம் மண், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், ஒரு பிடி தாய்ப்பாசி, நல்ல வெயில். தண்ணீர் வற்றியதும் செதில் செதிலாக உரியும் பாசியைச் சேகரித்து, நட்ட பத்தாம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ தூவினால் போதும். தமிழ்நாட்டில் இந்தப் பாசியோடும் அதற்கு இடம் கொடுக்கும் நீர்ப் பெரணியான அசோலாவோடும் நெடுங்காலம் உழைத்தவர் எஸ். கண்ணையன். பின்னாளில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தவர். அசோலாவின் இலைக்குழிக்குள் அனபீனா என்ற பாசி குடியிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. நல்ல உரம்தான். ஆனால் கோடை வெயிலைத் தாங்காது, வயலில் தண்ணீர் வற்றவே கூடாது, தனக்கே மணிச்சத்து வேண்டும் என்று கேட்கும். அதனால் வயலைவிட மாட்டுத் தீவனத் தொட்டிக்கே அசோலா அதிகம் போய்ச் சேர்ந்தது. கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளில் இன்று பார்க்கலாம்.

இந்த வரலாற்றின் திருப்பம் பிரேசிலில் நிகழ்ந்தது. அதைச் செய்தவர் ஒரு பெண். யோஹானா டோபெரைனர். 1924-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர், போருக்குப் பின் அகதி வாழ்க்கை, பிறகு பிரேசில். ரியோ டி ஜெனீரோ நகருக்கு வெளியே ஓர் அரசு மண் ஆய்வுக்கூடத்தில் 1951-இல் சேர்ந்தவர், வாழ்நாள் முழுவதும் புல்லின் வேரையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இல்லாத புல் வகைகளிலும் நைட்ரஜன் பிடிக்கும் உயிர் இருக்க வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. நெல்லும் கரும்பும் சோளமும் புல் வகைதானே!

அவர் கண்டுபிடித்த முறையின் எளிமையைச் சொல்லியாக வேண்டும். ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் பாதிக் கெட்டியான கூழ் ஊடகம். அதில் மாலிக் அமிலம் உண்டு, நைட்ரஜன் துளியும் கிடையாது. நிறங்காட்டியும் சேர்த்திருப்பதால் இளம்பச்சையாக இருக்கும். கழுவிய வேர்த்துண்டு ஒன்றை உள்ளே இறக்கிவிட்டு, அசைக்காமல் வைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று கட்டும். பச்சை நிறம் நீலமாக மாறும். இந்த உயிருக்கு நிறையக் காற்றும் ஆகாது, காற்றே இல்லாமலும் ஆகாது. தனக்கு ஒத்த ஆழத்தைத் தானே தேடிப் போய்ப் படலமாக நிற்கிறது. எழுபதுகளில் வெப்பநாட்டுப் புற்களின் வேரிலெல்லாம் இதை அவரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டார்கள். 1978-இல் அதற்கு அசோஸ்பைரில்லம் என்ற பேரினப் பெயர் வந்தது.

காலமும் ஒத்துவந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் யூரியா விலை உலகெங்கும் ஏறியிருந்தது. குறைந்த செலவில் தழைச்சத்து என்றால் எந்த அரசுதான் காது கொடுக்காது? இந்தியாவில் என்.எஸ். சுப்பாராவ் போன்றோர் அசோஸ்பைரில்லத்தை வயலில் சோதித்தார்கள். 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்திருந்த கோயம்புத்தூரில் அதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. வேளாண் நுண்ணுயிரியலுக்குப் பாடநூல் எழுதிய ஜி. ரங்கசாமி துணைவேந்தராக இருந்த இடம் அது. நெல்லுக்கு அசோஸ்பைரில்லம், பயறுக்கு ரைசோபியம், மணிச்சத்தைக் கரைக்கப் பாஸ்போபாக்டீரியா என்று பொட்டலங்கள் வரத் தொடங்கின. 1983-இல் மத்திய அரசு காசியாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய உயிர் உரத் திட்டத்தை ஆரம்பித்தது.

பொட்டலத்துக்குள் இருக்கும் கறுப்புத் தூளைப் பார்த்து, இது என்ன, வெறும் கரியா என்று கேட்டவர்கள் உண்டு. கரியேதான். நீலகிரியின் பீட் மண்ணையும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரித் தூளையும் நம் ஆய்வாளர்கள் பாக்டீரியாவுக்குக் குடியிருப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். நிலக்கரித் தூளுக்குப் புளிப்புத்தன்மை உண்டு. அதைச் சுண்ணாம்புத் தூள் கலந்து சமன்செய்து, நீராவியில் வைத்து வேறு உயிர்களைக் கொன்று, பிறகு வளர்ப்புக் கரைசலை ஊற்றிப் பிசைந்து, ஈரத்தோடு பாலிதீன் பையில் அடைப்பார்கள். அந்த ஈரம் காயும்வரைதான் உள்ளே உயிர். விதிப்படி ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிரணு இருக்க வேண்டும். 200 கிராம் பொட்டலத்தில் ஆயிரம் கோடி.

பயன்படுத்தும் முறையையும் பல்கலைக்கழகம் தெளிவாக வகுத்துக் கொடுத்தது. விதைநெல்லை ஆறிய வடிகஞ்சியில் குழைத்த பொட்டலத் தூளோடு புரட்டி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்த வேண்டும். நாற்றைப் பறித்தபின், ஹெக்டேருக்கு அசோஸ்பைரில்லம் ஐந்து பொட்டலமும் பாஸ்போபாக்டீரியா ஐந்து பொட்டலமும் 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்றுமுடிகளின் வேர் நனையக் கால்மணி முதல் அரைமணி வரை வைக்க வேண்டும். நடவுக்கு முன் வயலில் போட ஒவ்வொன்றிலும் பத்துப் பொட்டலம், 25 கிலோ தொழு உரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து. விதைக்குப் பூசணக்கொல்லி போட்டிருந்தால் 24 மணி நேரம் கழித்துத்தான் உயிர் உரம். யூரியாவோடு சேர்த்துக் கலக்கவே கூடாது.

நாற்றை ஊறவைக்கும் விதியும் யூரியாவோடு கலக்காத விதியும்தான் வயலில் அதிகம் மீறப்பட்டன. நடவு ஆட்கள் வரப்பில் வந்து நிற்கும்போது, நாற்றுமுடியை அரைமணி நேரம் ஊறப்போட்டுக் காத்திருக்க எந்தச் சம்சாரிக்கு மனம் வரும்? வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து வீசிவிடுவார்கள். யூரியாவோடு கலந்து ஒரே வீச்சாக வீசியவர்களும் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. மூட்டை உரம் பழக்கிவைத்த வழி அது. மூட்டையை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், எங்கே வேண்டுமானாலும் அடுக்கலாம், ஆண்டு கழித்தும் போடலாம். பொட்டலத்தில் இருந்ததோ உயிர். பாலைப் போல அதற்குக் கெடு உண்டு. ஆலையிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து சிற்றூருக்கும், சித்திரை வைகாசி வெயிலில் லாரியிலும் தகரக் கொட்டகையிலும் கிடந்து, கார் நாற்றுவிடும் ஆனியில் அது கைக்கு வந்தது. தென்காசியில் அப்போது சாரல் குளுமையாகத்தான் இருந்திருக்கும். அதற்குள் பொட்டலத்தில் எத்தனை கோடி மிஞ்சியிருந்தது என்று எண்ணிப் பார்க்க வரப்பில் நுண்ணோக்கியா இருக்கிறது? கரிப் பொட்டலத்தின் ஆயுள் மூன்று முதல் ஆறு மாதம், அதுவும் நிழலில், குளிர்ச்சியான இடத்தில்.

போட்டுப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை என்ற பேச்சு எண்பதுகளின் இறுதியிலிருந்தே ஊர்களில் உண்டு. அந்தப் பேச்சுக்குள் இரண்டு காரணங்கள் பிணைந்திருந்தன. ஒன்று, செத்த பொட்டலம். மற்றொன்று, அளவுக்கு மீறிய வாக்குறுதி. அசோஸ்பைரில்லம் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் என்று மூட்டைக் கணக்கிலேயே அதையும் விளம்பரப்படுத்தினார்கள். உண்மையில் அதன் வேலை வேறு மாதிரியானது என்பது மெல்லத்தான் தெளிந்தது.

சோவியத் நாட்டில் இதே பாடம் முன்பே நடந்திருந்தது. அங்கே நைட்ரஜன் பிடிக்கும் அசோடோபாக்டர் என்ற பாக்டீரியாவையும் பாஸ்போபாக்டீரியாவையும் 1958 வாக்கில் சுமார் ஒரு கோடி ஹெக்டேருக்குப் போட்டார்கள். மிஷுஸ்டின் என்ற அறிஞர் அந்தச் சோதனைகளையெல்லாம் 1962-இல் திரட்டிப் பார்த்து, கிடைத்த பலனுக்கு நைட்ரஜனைவிட இந்த உயிர்கள் சுரக்கும் வளர்ச்சி ஊக்கிகளே காரணமாக இருக்க வேண்டும் என்றார். அசோஸ்பைரில்லத்துக்கும் அதுவே பொருந்தியது. 1994-இல் ஓகோன், லபந்தேரா கொன்சாலெஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இருபதாண்டு வயல் சோதனைகளை ஆராய்ந்து எழுதினார்கள். நூற்றில் 60 முதல் 70 சோதனைகளில் பலன் தெரிந்தது, அவற்றில் விளைச்சல் கூடியது 5 முதல் 30 சதவீதம் வரை. இந்த பாக்டீரியா வேரில் ஒட்டிக்கொண்டு இண்டோல் அசெட்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. பக்கவேர் கூடுகிறது, வேர்த்தூவிகள் பெருகி நீளுகின்றன. அதனால் மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் யூரியாவையும் பாஸ்பேட்டையும் பயிர் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது.

அச்சன்புதூர் வயலின் கணக்கு இங்கேதான் மாறுகிறது. 20 கிலோ 700 கிராமில் ஏழு கிலோ போனது என்றோமே, அது எட்டாகவோ ஒன்பதாகவோ ஆனாலே அந்தப் பொட்டலம் தன் விலையைப் பல மடங்கு திருப்பிக் கொடுத்துவிட்டது. அசோஸ்பைரில்லம் போட்டால் தழைச்சத்தைக் கால் பங்கு குறைக்கலாம் என்ற பரிந்துரையும் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. பாஸ்போபாக்டீரியாவும் அப்படியே. அது புதிதாக மணிச்சத்தைக் கொண்டுவருவதில்லை. குளுக்கோனிக் போன்ற கரிம அமிலங்களைச் சுரந்து, மண் பிடித்துவைத்திருப்பதை விடுவிக்கிறது. போன முப்பது ஆண்டுகளாக நாம் போட்ட டி.ஏ.பி.யின் மிச்சம் அங்கே கிடக்கிறது. உழவர்கள் ‘வேம்’ என்று சொல்லும் வேர்ப்பூசணம் இன்னும் ஒரு படி மேல். வேர் எட்டாத இடத்துக்குத் தன் இழையை நீட்டி மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவரும். தண்ணீர் கட்டிய நெல்லில் அதன் வேலை குறைவு. தென்னை, கத்தரி, மிளகாய், புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சை போன்றவற்றுக்கு அதை நாற்றங்கால் அல்லது தூர்க்குழியிலேயே போட வேண்டும்.

முழு வெற்றி கிடைத்த இடமும் உலகில் உண்டு. அதே பிரேசிலில், டோபெரைனரின் பிடிவாதத்தால், சோயா மொச்சையை ஆரம்பம் முதலே ரைசோபியத்தை நம்பி வளர்க்கும்படி ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று அங்கே கோடிக்கணக்கான ஏக்கர் சோயா யூரியா இல்லாமலே விளைகிறது. பயிரையும் நுண்ணுயிரையும் சேர்த்தே தேர்ந்தெடுத்ததுதான் காரணம். நம்மிடம் அது நடக்கவில்லை. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-இலிருந்து இந்தச் சீமைக்கு ரகம் கொடுத்துவருகிறது. அம்பை 16 போன்ற ரகத்தை அறியாத நெல்லைச் சம்சாரி இல்லை. ரகம் தேர்ந்தெடுக்கும்போதே அதன் வேர் எந்த நுண்ணுயிரோடு நன்றாக ஒத்துப்போகிறது என்பதும் ஓர் அளவுகோலாக இருந்திருக்க வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரே பொட்டலம் என்ற வழியை விட்டுவிட்டு, அனுமன் நதிப் பாசனத்து வேரிலிருந்தே எடுத்த உயிரை அங்கேயே திருப்பிக் கொடுக்கும் வழியை இனியாவது தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டம் தாமதமாகத்தான் வந்தது. 2006 மார்ச்சில்தான் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவரப்பட்டன. அதுவரை பொட்டலத்தில் எத்தனை உயிர் இருக்க வேண்டும் என்று கேட்க நாடு முழுவதற்கும் கட்டாயமான சட்டம் இல்லை. அதன்பின் திரவ உயிர் உரங்கள் பரவின. மில்லிக்கு 10 கோடி உயிரணு, ஏறத்தாழ ஓராண்டு ஆயுள், சொட்டுநீர்க் குழாயிலும் விடலாம். வறட்சியில் இலைமேல் தெளிக்கும் இளஞ்சிவப்பு மெத்திலோ பாக்டீரியாவையும் கோயம்புத்தூர் பல்கலைக்கழகம் கொடுத்தது. ஆனால் எந்தப் பொட்டலமும் எந்தப் புட்டியும் பட்டினி மண்ணில் வேலை செய்யாது. பாக்டீரியா உண்பது கரிமத்தை. தக்கைப்பூண்டு மடக்கி உழாத, தொழு உரம் காணாத வயலில் கொட்டிய ஆயிரம் கோடி உயிரும் சில வாரங்களில் பட்டினியால் ஒடுங்கிவிடும். 25 கிலோ தொழு உரத்தோடு கலந்து போடச் சொன்னதன் காரணம் அதுவே. கொளுஞ்சியும் புங்கந்தழையும் மிதித்த பழைய நஞ்சைக்குத்தான் இந்தப் புதிய சரக்கு பொருத்தமானது.

கார் நாற்றுக்கு உயிர் உரம் வாங்கப் போகும் தென்காசிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேளாண் விரிவாக்க மையத்திலோ கடையிலோ பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பாருங்கள். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், எந்தப் பயிருக்கு என்பது எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள். வெயில் படும் இடத்தில் அடுக்கியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். வாங்கியதை நிழலில் வையுங்கள், அந்த வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். வயலின் ஒரு மூலையில் நாலு பாத்தியை மட்டும் போடாமல் விட்டு, அறுவடையில் இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள். அந்த அளவை எனக்கும் எழுதுங்கள். விளைச்சல் கூடியிருந்தாலும் சரி, கூடவில்லையென்றாலும் சரி.

(தொடரும்)